பூவாத்தாள் வைத்த பொட்டு

பூவாத்தாள் அக்காவைப் பற்றிச் சொல்வதென்றால் அவருடைய தொண்டையிலிருந்துதான் தொடங்க வேண்டும். நாமக்கல்லுக்கு வெளியே மோகனூர் ரோட்டில் எங்கள் கோழித்தீவன மில். மக்காச்சோளம் அரைக்கும் மிஷின் ஓடினால் பக்கத்தில் நிற்பவன் கத்துவதுகூடக் காதில் விழாது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டும். அந்தச் சத்தத்துக்கு மேலே ஏறிப் போகிற ஒரே குரல் அக்காவுடையது. மூட்டை தைக்கும் இடத்தில் உட்கார்ந்தபடியே அவர் "ஏனுங்கோ!" என்று ஒரு குரல் கொடுத்தால், கேட்டுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருக்கும் லாரி டிரைவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஓடி வருவார்.

நான் சென்னிமலை. அதே மில்லில் மூட்டை தூக்குகிறவன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று ஒரு பேச்சு உண்டு, பொய்யில்லை. அக்காவோடும் நான் சண்டை போட்டிருக்கிறேன், பேசாமல் இருந்திருக்கிறேன். ஆகவே நான் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அக்காவின் வீட்டுக்காரர் லாரி டிரைவர். வடக்கே லோடு ஏற்றிப் போனவர் நாக்பூருக்கு அந்தப் பக்கம் ஒரு டாபாவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. உடல் வந்து சேர்ந்து, சடங்கு நடந்து, சொந்தக்காரப் பெண்கள் கூடி அக்காவின் நெற்றிப் பொட்டை அழித்தார்கள். "அன்னைக்கி வெசனத்த விடவும் கோவந்தான் எச்சா வந்துச்சு. என்ற நெத்தி அது. என்னைய ஒரு வார்த்தை கேக்காம தொடைக்கறாளுக" என்று ஒரு நாள் தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே சொன்னார். அதன்பிறகுதான் மில்லுக்கு வந்தார். மூட்டை தைத்தே மகள் ஜோதியைப் படிக்க வைத்து ராசிபுரத்தில் கட்டிக் கொடுத்தார்.

மில்லில் பூஜை என்றால் மட்டும் அக்கா பின்னால் போய் நின்றுகொள்வார். போ என்று யாரும் சொன்னதில்லை. வா என்றும் யாரும் சொன்னதில்லை.

அந்தத் தொண்டைதான் கொஞ்ச காலமாகக் கெட்டுப்போக ஆரம்பித்தது. தீவன மில்லில் தூசிக்கு நேரம் காலம் கிடையாது. தலைமுடி, காது, சோறு கொண்டுவரும் போசி, எங்கே தொட்டாலும் மாவு. எங்களுக்குத் தும்மலோடு போவது அக்காவுக்கு நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. பாதி வார்த்தையில் மூச்சு நின்றுபோகும். சாக்குக் குவியலுக்குப் பின்னால் குனிந்துகொண்டு, வாயில் வைத்து இழுக்கிற மருந்தை ஒருநாள் இழுத்துக்கொண்டிருந்தார். நான் பார்த்துவிட்டேன்.

"ஆருகிட்டயும் சொல்லாத" என்றார். "இனிமே மாவுத் தூசியில நிக்கவே கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிப்போட்டாங்க. மொதலாளிக்குத் தெரிஞ்சா ஊட்டுக்கு அனுப்பிருவாரு."

அது உண்மை. எங்கள் முதலாளி மணிமாறன் கெட்டவர் இல்லை. ஆனால் அவருடைய நல்ல மனசே ஆளைக் கவிழ்த்துவிடும். இருமிக்கொண்டிருந்த காத்தான் அண்ணனை ஒருநாள் கூப்பிட்டு, "உடம்பப் பாத்துக்க காத்தான்" என்று கையில் ஆப்பிள் பையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். அண்ணன் இன்னும் வீட்டில்தான் இருக்கிறார். ஆப்பிள் தீர்ந்து வெகுநாளாகிவிட்டது.

இந்த நிலையில்தான் மில்லுக்குப் புது மிஷின் வந்தது.

ஏன் வந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். கைக்கணக்கில் கலந்த காலத்தில் கிளிஞ்சல் தூள் ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். குறைந்தால் பண்ணையில் முட்டை ஓடு காகிதம்போல் ஆகிவிடும். பண்ணைக்காரர் போனில் முதலாளியைப் பிடித்து வாங்குவார், முதலாளி எங்களைப் பிடித்து வாங்குவார். ஆள் கிடைப்பதும் பெரும்பாடாகிவிட்டது. ஆகவே சேலத்திலிருந்து ஷாலினி என்ற இன்ஜினியர் பெண் வந்து எல்லாவற்றையும் கம்ப்யூட்டரோடு கோத்துவிட்டாள்.

இப்போது பண்ணையிலிருந்து வரும் ஆர்டர் நேராகக் கம்ப்யூட்டருக்குள் போகும். முட்டைக்கோழிக்கு எது எவ்வளவு என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. சோளம், சோயா, தவிடு, கிளிஞ்சல் எல்லாம் தானாக இறங்கி, தானாக எடை போட்டுக்கொண்டு, கலக்கும் டிரம்மில் விழுந்து, மூட்டையாகி வெளியே வரும். எவ்வளவு போனது, எவ்வளவு மிச்சம், எதை எப்போது வாங்க வேண்டும் எல்லாமே முதலாளியின் கைபேசியில் தெரியும். கல்யாணப் பந்தியில் இலையில் ரசம் ஓடுவதைப் பார்க்க மாட்டார், கைபேசியில் சோயா ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இதில் முக்கியமானது ஒன்று. அரைத்ததும் கலந்ததும் போய் விழுகிற ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு சின்னக் கண் உண்டு. தீப்பெட்டியளவு கறுப்பு டப்பா, அதில் ஒரு கண்ணாடி வில்லை. தீவனம் ஏறி வந்து அந்தக் கண்ணை மறைத்தால் "நிறைந்துவிட்டது" என்று திரையில் சிவப்பாக வரும். நிறைந்த தொட்டிக்குள் மிஷின் மேற்கொண்டு எதையும் கொட்டாது, நின்றுவிடும். தூசி படியாமலிருக்க அந்தக் கண்களுக்குக் குழாய் வைத்துக் காற்று வேறு ஊதிக்கொண்டிருக்கும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூட்டை பிரித்துக் கொட்டுகிறவர்கள் பாதிப் பேருக்கு வேலை இல்லை என்றாகிவிட்டது. சிலர் லாரி பாடி கட்டும் பட்டறைக்குப் போனார்கள், சிலர் வேறு மில்லுக்கு. நான் தப்பித்தேன், அவ்வளவுதான். அந்தக் கம்ப்யூட்டரை வைக்க ஒரு கண்ணாடி அறை கட்டி, மில்லுக்குள் பேச ஒரு மைக்கும் வைத்து, ஏசி போட்டார்கள். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாதாம். மனுசனுக்கு மட்டும் ஆகும்.

அந்த அறையில் உட்கார முதலில் டிப்ளமோ படித்த பையன்களை வைத்தார்கள். ஒருவன் ஓசூருக்குப் போனான், இன்னொருவன் கோயம்புத்தூருக்குப் போனான். மூன்றாவது ஆளைத் தேடிக்கொண்டிருந்தபோது அக்கா நேராக முதலாளி முன்னால் போய் நின்றார். ஷாலினியும் அங்கே இருந்தாள்.

"அந்த நாற்காலியில என்னைய உக்கார வையுங்க மொதலாளி."

முதலாளி சிரித்தார். "பூவாத்தா, அது மூட்டை தைக்கற மிஷினு இல்ல."

"மூட்டை தைக்கற மிஷினையும் நான் பொறக்கறப்பவே கையில புடிச்சுட்டு வரலீங்க. இங்க வந்துதான பழகுனேன்? நான் எங்கயும் ஓடிப்போக மாட்டனுங்க. இந்த வயசுல என்னைய ஆரு ஓசூருக்குக் கூப்படறாங்க?"

ஷாலினிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பழக்கிடலாம் சார். திரையில எல்லாம் தமிழ்லயே வர்ற மாதிரி மாத்தித் தரேன்" என்றாள்.

முதலாளி தாடையைச் சொறிந்தார். "சரி. ஆயுத பூஜை வரைக்கும் உக்காந்து பாரு. ஒரு தப்புத் தண்டா வரப்படாது. பூஜை முடிஞ்சதும் முடிவு பண்ணிக்கலாம்."

அன்று சாயங்காலம் நான் அக்காவோடு சண்டைக்குப் போனேன். "எங்க ஆளுகளையெல்லாம் வெளிய தள்ளுன மிஷினுக்கு நீங்க போயி காவக்காரியா?" என்று கேட்டுவிட்டேன். அக்கா கோபப்படவில்லை. கூடைக்குள்ளிருந்து அந்த மருந்துக் குப்பியை எடுத்து என் கையில் வைத்தார்.

"இத நீ ஒரு நாளைக்கி இழுத்துப் பாரு சாமி. இந்த மில்லுல எனக்கு மூச்சு வர்ற எடம் அந்தக் கண்ணாடி ரூம்பு ஒண்ணுதான். அது இல்லீன்னா நான் ஊட்டுக்குப் போயி மொடங்கிக்கணும்."

குப்பியைத் திரும்பக் கூடையில் வைத்தேன். அப்புறம் நான் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அக்கா பழகிய விதத்தைப் பார்க்கவேண்டுமே! திரையைத் தொட்டால் போதும் என்றால் நம்ப மாட்டார், புளி கரைப்பதுபோல் அழுத்துவார். "அக்கா, அது வலிக்கும்னு அழாது, ஆனா ஒடைஞ்சுரும்" என்பாள் ஷாலினி. அவள் அக்காவை மில் முழுக்க அழைத்துக்கொண்டு போய் ஒவ்வொரு கண்ணாக, உச்சியில் இருப்பதைக் கீழேயிருந்தே, காட்டினாள். எது எங்கே என்று அக்காவுக்கு மனப்பாடம். தவறும் செய்தார். ஒரு தடவை குஞ்சுத் தீவனத்தை முட்டைக்கோழி மூட்டையில் விட்டுவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், லாரியில் ஏறுவதற்குள் ஷாலினி மாற்றிவிட்டதால் முதலாளிக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரே தவறை இரண்டாம் முறை செய்யவில்லை. மிஷின் நின்றால் "ஏன்டா, இப்ப உனக்கு என்னடா கெரகம்?" என்று திரையைப் பார்த்துக் கேட்பார்.

தூசியில்லாத காற்றில் அந்தத் தொண்டை மெல்லத் திரும்பி வந்தது. முட்டை ஓடு மெலிசு என்ற புகாரும் நின்றது. சொல்லப் பிடிக்கவில்லை, இருந்தாலும் உண்மை உண்மைதான்.

ஆயுத பூஜை வந்தது. மில்லை நிறுத்திக் கழுவி, வாழைக்கன்று கட்டி, மாவிலைத் தோரணம் தொங்கவிட்டு, பொரி கடலை, சுண்டல் எல்லாம் தயார். எங்கள் முதலாளிக்கு இந்த நாளில் மட்டும் ஒரு வெறி உண்டு. தராசு, சுத்தியல், ஸ்பேனர், லாரி, விளக்குமாறு எதுவும் விட்டுப்போகக் கூடாது. ஒரு வருடம் விளக்குமாற்றுக்குப் பொட்டு வைக்க மறந்ததற்காக எங்கள் எல்லோரையும் நிற்க வைத்துத் திட்டினார்.

தீபாராதனை முடிந்ததும் சந்தனமும் குங்குமமும் இருந்த தட்டை எடுத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார். அக்கா வழக்கம்போல் கடைசியில், சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்.

"பூவாத்தா, அங்க என்ன பண்ற? இக்கட்ட வா. ஆபரேட்டரு நீதான? நீயே எல்லாத்துக்கும் வை."

அக்கா நகரவில்லை. "என்ற கையாலயா மொதலாளி?"

"உன்ற கையாலதான். ஒண்ணு விடாம வை. விட்டுப்போச்சுன்னா அது கோவிச்சுக்கும்."

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துவிட்டுத் தட்டை வாங்கினார். எனக்கே நெஞ்சு நிறைந்துபோனது. நிறைந்த வேகத்திலேயே வாயும் திறந்துகொண்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? "பொட்டு வெச்சுட்டா மட்டும் இரும்பு சாமியாயிருமா? ஒரு நாளைக்கி படுத்துக்கும் பாருங்க. அன்னைக்கி நானே வந்து பூசணிக்கா ஒடைக்கறேன்" என்று பொரியை மென்றுகொண்டே சத்தமாகச் சொல்லிவிட்டேன். சிலர் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை.

அக்கா தட்டோடு உள்ளே போனவர் வெகுநேரம் வரவில்லை. நான் மூட்டை கட்டும் பக்கம் என் சோற்றுப் போசியை எடுக்கப் போனபோது தூரத்தில் பார்த்தேன். மேல்தொட்டிகளுக்குப் போகும் இரும்பு ஏணியின் முதல் படியில் காலை வைத்தார், மேலே பார்த்தார், நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார், பிறகு காலை எடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். நான் கண்டுகொள்ளாததுபோல் வெளியே வந்துவிட்டேன்.

விடுமுறை முடிந்து மில் திறந்த காலை. வாசலில் லாரிகள் வரிசையாக நின்றன. ஆயுத பூஜைக்கு மனுசன் லீவு விடலாம், கோழி விடாது. பண்ணைகளில் தீவனம் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. சூடம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு அக்கா திரையைத் தொட்டார். எதுவும் ஓடவில்லை.

திரையில் ஏறக்குறைய எல்லாமே சிவப்பு. காலியாகக் கழுவி வைத்த தொட்டிகளை "நிறைந்துவிட்டது, நிறைந்துவிட்டது" என்று காட்டியது. அணைத்துவிட்டுப் போட்டார்கள். மறுபடியும் அதே சிவப்பு. முதலாளி கண்ணாடி அறைக்கு வெளியே நின்று ஷாலினிக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஒண்ணு கெட்டுப்போகலாம் சார். ஒரே நேரத்துல இத்தனையும் தானா கெட்டுப்போகாது" என்றாள் ஷாலினி. "யாரோ கை வச்சிருக்காங்க. வயரைப் பிடுங்கியிருக்கலாம். நான் சேலத்துலருந்து கிளம்பிட்டேன், வந்து பார்க்கறேன்."

போன் அணைந்தது. முதலாளி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் மட்டுமல்ல, அத்தனை பேரும் பார்த்தார்கள்.

"படுத்துக்கும்னு சொன்னியே சென்னிமலை. படுக்க வெச்சுட்டயா?"

"மொதலாளி, நான் வாயிலதான் சொன்னனுங்க. கையில ஒண்ணும் பண்ணலீங்க."

"பூஜை அன்னைக்கி எல்லாரும் வாசல்ல நிக்கறப்ப நீ எதுக்கு உள்ள போன?"

"சோத்துப் போசி எடுக்கப் போனனுங்க."

"போசியா?" அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "உன்னைய நிறுத்தாம வெச்சிருந்தேன் பாரு, என்னையச் சொல்லணும். இனி இந்த மில்லுல மட்டுமில்ல, நாமக்கல்லுல எந்த மில்லுலயும் நீ மூட்டை தூக்க முடியாது. போலீசுக்கும் சொல்லத்தான் போறேன்."

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்பார்கள். அந்தப் பழம் காக்கையின் தலையிலேயே விழுந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எனக்குக் கோபம்கூட வரவில்லை. என் வீட்டுக்காரி முகம் மட்டும் கண் முன்னால் வந்தது. கூட வேலை செய்தவர்களைப் பார்த்தேன். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

கண்ணாடிக்குள் அக்கா திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரலால் ஒவ்வொரு தொட்டியாகத் தொட்டுக்கொண்டே போனார். கலக்கும் டிரம்முக்குக் கீழே, சிவப்பு. அரைக்கும் மிஷினுக்குக் கீழே, சிவப்பு. மூட்டை கட்டும் வாய், சிவப்பு. உச்சியில் இருக்கும் மேல்தொட்டிகள் இரண்டு மட்டும் பச்சை. விரல் அங்கேயே நின்றது. எதற்காக நின்றது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஷாலினி வந்து பார்க்கும்வரை எனக்குத்தான் கெட்ட பெயர். வந்த பிறகும் "தெரியாம நடந்துபோச்சு" என்று ஒரு வார்த்தையில் முடித்துக்கொள்ளலாம். ஆனால் அதற்குள் நான் கேட்டைத் தாண்டியிருப்பேன், என் பெயர் ஊர் மில்லுக்கெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும். அக்கா எழுந்தார். அந்த நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

"மொதலாளி, அவன உடுங்க. கை வெச்சது நான்."

முதலாளிக்குப் புரியவில்லை. "நீயா? என்ன பண்ணுன?"

"பொட்டு வெச்சுப்போட்டனுங்க."

"எல்லாத்துக்குந்தான் வெச்சே. அதுக்கென்ன?"

"அந்தக் கண்ணுகளுக்கும் வெச்சுப்போட்டனுங்க. கண்ணாடி மேலயே. சந்தனத்தக் கெட்டியா அப்பி, குங்குமம் வெச்சேன். காத்து ஊதுனாத் தூசி போகும், காஞ்ச சந்தனம் போகுமுங்களா? அதுக்குக் கண்ணு தெரியாமத்தான் தீவனம் நெறைஞ்சிருச்சுன்னு கத்துது."

"அதும்மேல எதுக்கு வெச்சே?"

"நீங்கதானுங்க ஒண்ணு விடாம வைக்கச் சொன்னீங்க? மூஞ்சிக்குத்தானுங்க பொட்டு வெப்பாங்க, முதுகுக்கா வெப்பாங்க?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வேறு யார், நான்தான். உயிர் திரும்பி வந்த சிரிப்பு அது. முதலாளி திரும்பிப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

"அப்ப மேல இருக்கற ரெண்டு மட்டும் எப்படி நல்லா இருக்குது?" என்று கேட்டார்.

இதைத்தான் அவர் கேட்டிருக்கக் கூடாது. அக்கா ஒரு தடவை என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று நான் தலையை ஆட்டினேன்.

"அதுக்கு வைக்கல. ஏணி ஏறறதுக்கு எனக்கு மூச்சுப் பத்தல மொதலாளி. தூசி நெஞ்சுல எறங்கி வெகு நாளாச்சு. மருந்து இழுத்துட்டுத்தான் இருக்கறேன். சொன்னா ஆப்பிளக் குடுத்து ஊட்டுக்கு அனுப்பிருவீங்கன்னு சொல்லல." குரல் இறங்கிப்போயிற்று. "பூஜை வரைக்கும் தப்பு வரப்படாதுன்னீங்க. வந்துபோச்சு. நான் போறனுங்க. அவன ஒண்ணும் சொல்லாதீங்க."

முதலாளி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். ஆப்பிள் என்ற சொல் அவருக்கு எங்கேயோ போய்த் தைத்திருக்க வேண்டும்.

"அதெல்லாம் பொறவு பேசிக்கலாம்" என்றார். "லாரி நிக்குது. மொதல்ல போயி அந்தப் பொட்டையெல்லாம் அழிச்சுட்டு வா."

சாதாரணமாகத்தான் சொன்னார். அவசரத்தில் சொன்னார். ஆனால் அக்கா ஆணியடித்ததுபோல் நின்றார். கை தன்னையறியாமல் வெறும் நெற்றிக்குப் போய் இறங்கியது. எத்தனையோ வருடம் கழித்து அந்தக் கைக்கு ஒரு குங்குமத் தட்டு கிடைத்தது. அதே கையால் அழிக்கச் சொன்னால் எப்படி அழிக்கும்? முதலாளிக்கும் அப்போதுதான் தான் சொன்னது காதில் விழுந்தது போலிருக்கிறது, துண்டைத் தோளில் போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் போய் அந்தத் துண்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். "நான் தொடைக்கறனுங்க. அக்கா உள்ள உக்காந்து எது எங்கன்னு மைக்குல சொல்லட்டும்."

அக்கா முதலாளியைப் பார்த்தார். அவர் கண்ணாடி அறைப் பக்கம் தலையை அசைத்தார். அக்கா உள்ளே போய் உட்கார்ந்தார்.

"சென்னிமலை, டிரம்முக்கு அடியில, எடது பக்கம்" என்று ஒலிபெருக்கியில் அக்கா குரல் வந்தது. குனிந்து பார்த்தேன். கறுப்பு டப்பாவின் நடுவில் வட்டமாக, அழகாக, பெண் பிள்ளைக்கு வைப்பதுபோல் வைத்திருந்தார். அந்த மிஷின்மேல் எனக்கு எவ்வளவோ ஆத்திரம், இருந்தாலும் அதைத் துடைக்க எனக்கே மனசு வரவில்லை. மன்னிச்சுக்க என்று முணுமுணுத்துவிட்டு துண்டை நனைத்துத் துடைத்தேன். திரையில் ஒரு சிவப்பு பச்சையானது. "அடுத்தது அரைக்கற மிஷினு" என்றார் அக்கா.

ஷாலினி வந்து சேர்ந்தபோது மில் ஓடிக்கொண்டிருந்தது. நடந்ததைக் கேட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சென்சாரு கெட்டுப்போறதுக்கு என்னென்ன காரணம்னு எனக்குப் பாடம் எடுத்தாங்க. இத யாருமே சொல்லல சார்" என்றாள். அப்புறம் அக்கா முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். மை பேனா ஒன்றை எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு கண்ணுக்கும் பக்கத்தில், தகட்டின்மேல் ஒரு வட்டம் போட்டாள். உள்ளே "பொட்டு இங்கே" என்று எழுதினாள்.

"இனிமே இதுல வைங்க அக்கா. அதுக்கும் பொட்டு வச்ச மாதிரி இருக்கும், கண்ணும் மறையாது. யாரும் அழிக்கவே வேண்டாம்."

கிளம்பும் நேரத்தில் முதலாளி அவளைக் கூப்பிட்டார். அக்காவும் நானும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம்.

"ஏனுங்க அம்மிணி, வாராவாரம் ஏணி ஏறி மேல்தொட்டியப் பாக்கற வேலைய பூஜைக்குப் பொறவு கம்ப்யூட்டருல ஆபரேட்டரு பேர்ல போடறதாச் சொன்னீங்கல்ல? அத மாத்திருங்க. சென்னிமலை பேருக்குப் போடுங்க. ஆபரேட்டரு ஏணி ஏற வேண்டாம்."

"ஆபரேட்டரு யாருன்னு போடட்டும் சார்?"

"ஆருன்னு என்ன கேள்வி? உள்ள உக்காந்திருக்கறது ஆரு?" என்று எரிந்து விழுந்துவிட்டு வண்டிச் சாவியைத் தேடப் போய்விட்டார். அவருக்கு நல்லதைச் சொல்வதற்குக் கோபம்தான் துணை. மறுவாரம் காத்தான் அண்ணன் வீட்டுப் பக்கம் அவர் வண்டி நின்றதாகக் கேள்விப்பட்டேன். அண்ணன் இப்போது எங்கள் கேட்டில் உட்கார்ந்து லாரிக்குச் சீட்டுக் கொடுக்கிறார். அங்கே தூசி இல்லை.

என் பெயரும் அந்தத் திரைக்குள் போய்விட்டது. வாரம் ஒருமுறை "சென்னிமலை, மேல்தொட்டி" என்று மஞ்சளாக வந்து நிற்கும். நான் போகும்வரை அக்கா மைக்கில் மானத்தை வாங்குவார்.

இந்த வருடமும் ஆயுத பூஜை வந்தது. மில் கழுவியாகிவிட்டது, மிஷின்களெல்லாம் ஓய்ந்திருந்தன. முதலாளி தட்டை எடுத்ததும் சுவரோரம் பார்த்தார். அக்கா அங்கே இல்லை. முன் வரிசையில் நின்றுகொண்டு, கையைத் துடைத்துத் தயாராக நீட்டிக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு வட்டத்திலும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, நிதானமாக மில் முழுக்கச் சுற்றி வந்தார். ஏணியடிக்கு வந்ததும் நின்றார். முதல் படியைப் பார்த்தார், மேலே பார்த்தார். நான் பொரியைக் கீழே வைத்துவிட்டுப் போய்த் தட்டை வாங்கிக்கொண்டேன். அக்கா கொடுத்துவிட்டார்.

ஒரு கையில் தட்டு, ஒரு கையில் ஏணி. இந்த மிஷின் ஒழிய வேண்டும் என்று மனசாரத் திட்டியவன், அதற்குப் பொட்டு வைக்க உச்சிக்கு ஏறிப் போகிறேன். உச்சியில் நின்று சந்தனத்தைத் தொட்டேன். அந்தக் கறுப்புக் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு எது வட்டம், எது கண் என்று ஒரு நிமிஷம் தடுமாறியது.

"ஏய் சென்னிமலை!" என்று கீழேயிருந்து அக்காவின் குரல் வந்தது. மைக் இல்லை. இருமல் இல்லை. நடுவில் ஓரிடத்திலும் உடையவில்லை. "கண்ணுல வெச்சுப்போடாதடா!"

கேட்டுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.